வாய்க்குள்ள இன்னா போச்சு?

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அந்தம்மா செய்கிற முதல் வேலை, எடை மெஷின்மேல் ஐந்து உப்புப் பாக்கெட்டுகளை அடுக்குவது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மெஷின் ஐந்து என்று காட்டினால் அன்றைக்கு அதற்கு வேலை உண்டு. கொஞ்சம் கூடக் குறையக் காட்டினால் கவிழ்த்துத் தட்டுவார், மறுபடி அடுக்குவார். ஒருநாள் நான் விளையாட்டாக, "மெஷினு சரிதாங்க, உப்புதான் எடை கம்மியா இருக்கும்" என்று சொல்லி வைத்தேன். மரக்காணத்து உப்பள மேஸ்திரி இப்படிச் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தம்மா ஐந்து பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க மளிகைக் கடைத் தராசுக்கு நடந்துவிட்டார். எடை சரியாகத்தான் இருந்தது. மளிகைக் கடைத் தராசைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரியே திறந்திருக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், ஒற்றை ஷட்டரில் இருந்த நாய் ஆஸ்பத்திரி அது. இப்போது அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். டாக்டர் புதுச்சேரிக்காரர், சின்ன வயசு. வாரத்தில் மூன்று நாள் வருவார், ஆபரேஷன் என்றால் சனிக்கிழமை மட்டும். நாயையோ பூனையையோ ஆபரேஷனுக்குத் தயார் செய்வது முழுக்க அந்தம்மாவின் பொறுப்பு. எடை போடுவது, உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது, டாக்டர் ரத்தம் எடுக்கக் காலைப் பிடித்துக் கொடுப்பது, வெட்டப் போகிற இடத்தில் முடியை மழிப்பது, கடைசியாக ஒரு நடை வெளியே கூட்டிப்போய் மூத்திரம் விட வைப்பது. இந்த வேலைக்கு என்ன பதவிப் பெயரோ தெரியாது. ஊர் கம்பவுண்டரம்மா என்றது.

ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லி. புடவைக்கு மேல் நீலக் கோட்டு, காதில் எப்போதும் ஒரு பேனா. இந்த வேலைக்கு வரும் முன்னால் பதினைந்து வருஷம் உப்பளத்தில் உப்பு சுமந்தவர். புருஷன் அப்போதும் பாத்தியில்தான் வேலை செய்துகொண்டிருந்தார், எங்கள் அளத்தில் அல்ல, பக்கத்து அளத்தில். அந்தம்மாவின் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால், "யாரைக் கேட்டு எழுதுனீங்க?" என்று மூன்று தடவை கேட்டிருப்பார்.

ஆமாம், மூன்று தடவை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

'சாப்பிட்டுச்சா' என்று அந்தம்மா கேட்டு நான் கேட்டதில்லை. "வாய்க்குள்ள இன்னா போச்சு?" இதுதான் கேள்வி. கேட்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நாயின் முகத்தைப் பார்ப்பார். முதல் தடவை நோட்டில் எழுதிக்கொண்டே கேட்பார். இரண்டாவது தடவை எடை போட்ட பிறகு, முதலில் கேட்டது மறந்துவிட்ட மாதிரி. மூன்றாவது தடவை கேட்பது கேள்வி மாதிரியே இருக்காது. நாம் பெஞ்சில் உட்கார்ந்து, செல்லை எடுத்து நோண்ட ஆரம்பித்து, இனி ஒன்றும் இல்லை என்று காலை நீட்டும்போது ஊர்க்கதை மாதிரி வரும். அதில்தான் எல்லோரும் மாட்டுவோம்.

காரணம் கேட்டால் சொல்வார், ஒரே ஒரு தடவை. "மயக்கம் குடுத்துட்டா தொண்டைக்குக் காவல் கிடையாது. வயித்துல இருக்கறது மேல வந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குப் போவும். ஆபரேஷன் நல்லாதான் முடியும். மூணாம் நாளு நாய் இருக்காது." ராத்திரி எட்டு மணிக்கு மேல் தீனி கூடாது, காலை வரைக்கும் தண்ணீர் இருக்கலாம். இவ்வளவுதான் சட்டம். இதைக் கடைப்பிடிக்க முடியாமல் இந்தக் கடற்கரை பட்ட பாடு இருக்கிறதே!

கடலோரக் குப்பத்திலிருந்து ஒருத்தர் கடுவன் பூனையை மீன் கூடையில் போட்டு, மேலே கிழிந்த வலையைக் கட்டிக் கொண்டுவந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வாய்க்குள்ள இன்னா போச்சு?"

"நான் ஒண்ணும் வைக்கலம்மா."

"நீ வைக்கல. அது இன்னா துன்னுச்சு?"

"அது எத்த துன்னுதுன்னு எனக்கெப்படி தெரியும்? படகு கரைக்கு வந்தா அதுக்குன்னு நாலு காரப்பொடி மீனு கீழ விழும். அதெல்லாம் தீனின்னு சொல்ல முடியுமா?"

"இன்னிக்குப் படகு வந்துச்சா?"

"வராம? இன்னிக்கு நல்ல மீன்பாடு."

"அப்போ அடுத்த சனிக்கிழம வா. வெள்ளிக்கிழம சாயங்காலமே இந்தக் கூடையில போட்டு மூடிடு."

அந்த மனிதர் போட்ட சத்தம் எதிர்ப்பக்க மளிகைக் கடை வரைக்கும் கேட்டது. "என் பூனைக்கு நான் மீனு போட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" அந்தம்மா நோட்டில் அடுத்த சனிக்கிழமைக்கு அவர் பேரை எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்த மனிதர் வந்தார், அதே கூடை, அதே வலை.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். இடையஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, நல்ல தமிழ் பேசுவார், தன் நாய் எத்தனை மணிக்கு என்ன தின்றது, எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று பேப்பரில் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுவந்தார். டாக்டர் பார்த்து அசந்து போனார். அந்தம்மா பேப்பரை வாங்கிப் பத்திரமாக மடித்து நோட்டில் வைத்துவிட்டு, "உங்க வீட்டு வாட்ச்மேன் நம்பரு குடுங்க" என்றார். வாட்ச்மேன் காலையில் தனக்கு வந்த பார்சலில் ஒரு பூரி அதற்கும் போட்டிருந்தார். "பேப்பர் எழுதினது நீங்க. பூரி போட்டவரு பேப்பர் எழுதலியே" என்றார் அந்தம்மா. அதில் குத்தல் இல்லை. இருப்பதைச் சொன்னார்.

டாக்டரையும் விடமாட்டார். மயக்க ஊசிக்கு அளவு சொன்னால், "இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்பார். முதலில் டாக்டருக்கு முகம் சிவக்கும். பிறகு அவரே இரண்டு தடவை சொல்லப் பழகிக்கொண்டார்.

இனி என் கதை. என் நாய் ஜிம்மி, பொட்டை நாய், ஒன்பது வயசு. உப்பளத்துக் கொட்டகையில் குட்டியாகக் கிடந்ததை என் வீட்டுக்காரி எடுத்து வளர்த்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்மிக்குப் பால்மடியில் ஒரு கட்டி வந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு, நான்கு மாதத்தில் எலுமிச்சங்காய் அளவு. ரத்தம் டெஸ்ட் பண்ணி, எக்ஸ்ரே பார்த்து, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

முதல் சனிக்கிழமை போனோம். வாய்க்குள்ள இன்னா போச்சு? "ஒண்ணும் போவலக்கா, நேத்து ஏழு மணிக்கு வச்ச சோறுதான்" என்றாள் என் வீட்டுக்காரி. இரண்டாவது தடவையும் அதே பதில். பிறகு அந்தம்மா ஜிம்மியின் நெற்றியில் இருந்த விபூதியைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"புத்துப்பட்டு ஐயனாருக்கு வேண்டிக்கினியா தங்கச்சி?"

"ஆமாக்கா. நேத்தே இவரு போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தாரு."

"நல்லது. பொங்கல் கெடச்சுதா?"

"கெடச்சுதே! காலையில இதுக்கும் ஒரு உருண்ட ஊட்டிட்டுதான் கௌம்புனோம்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அது பிரசாதம்க்கா. விரதம் இருக்கறவங்களே வாங்கிக்குவாங்க."

"ஐயனாரு கோச்சிக்க மாட்டாரு தங்கச்சி. வயிறு கோச்சிக்கும். அடுத்த வாரம் வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு, "ஒரு உருண்டைக்காவா?" என்று கத்தினேன். "ஒரு உருண்ட போதும் மேஸ்திரி" என்றார். வீடு வரைக்கும் நான் என் வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அறிவிருக்கா உனக்கு, நாய்க்கு எதுக்குடி பிரசாதம் என்றெல்லாம்.

இரண்டாவது சனிக்கிழமை நானே பொறுப்பு எடுத்துக்கொண்டேன். ராத்திரி சங்கிலியைக் கட்டில் காலில் கட்டிப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டேன். காலையில் ஆஸ்பத்திரி திறக்கும் முன்னாலேயே போய், எதிர்க் கடையில் டீ குடித்தபடி காத்திருந்தோம். கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு, இரண்டுக்கும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். நான் காலை நீட்டியதும் அந்தம்மா, "எதிர்க் கடையில பன்னு இப்பல்லாம் நல்லாவே இல்லியாமே மேஸ்திரி?" என்றார்.

"யாரு சொன்னா? ஜிம்மியே லபக்குனு முழுங்குச்சே!"

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சத்தியமாக எனக்கு நினைவே இல்லை. டீயில் பன்னை நனைத்தேன், அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, கை தானாகப் பாதியைப் பிய்த்துப் போட்டிருக்கிறது. அன்றைக்கு வீடு வரைக்கும் யார் யாரைத் திட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வாரம் விளையாட்டாக இல்லை. கட்டியின் மேல்தோல் சிவந்து மினுமினுத்தது. டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடையற மாதிரி இருக்குங்க. அடுத்த வாரம் வியாழக்கிழமை நான் வெளியூரு போறேன், திரும்ப ஒரு மாசம் ஆகும். இந்த சனிக்கிழமை தள்ளிப்போடாதீங்க" என்றார். வீட்டுக்காரி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஜிம்மி பட்டினி, அவளும் பட்டினி.

சனிக்கிழமை விடியற்காலை உப்பு வாரும் வேலை இருந்தது. ஆட்களை இறக்கிவிட்டு அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று ஜிம்மியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கூடவே கொண்டுபோனேன். வீட்டுக்காரி பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. ஜிம்மியைக் கொட்டகைக் கம்பத்தில் கட்டிப்போட்டு, மடை பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு விட்டது. கூலிக்கு வந்த பெண் ஒருத்தியின் தூக்குச்சட்டி உருண்டு கிடந்தது. பழைய சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

"என் சோத்த உன் பொண்ணு துன்னுட்டுது மேஸ்திரி" என்று அவள் சிரித்தாள். ஒரு மாசம். உடைகிற கட்டி. வீட்டுக்காரிக்கு என்ன பதில்? மூன்றாவது தடவையும் அந்தம்மா முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதா?

எங்கள் பக்கத்தில் வேண்டாதது எது உள்ளே போனாலும் கைவைத்தியம் ஒன்றுதான், உப்புத் தண்ணீர். பிடிவாதத்தில் எவனாவது எதையாவது குடித்துவிட்டாலும் அதைத்தான் வாயில் ஊற்றுவோம். உப்பு வாரப் போகிற பாத்தியில் தண்ணீர், கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பாக முற்றிப் போய் நின்றது. பாட்டிலில் மொண்டு, ஜிம்மியின் வாயைப் பிளந்து ஊற்றினேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தது. சோறு, முள், எல்லாம் வெளியே. கிணற்றுத் தண்ணீரில் முகத்தைக் கழுவி, துண்டால் துடைத்து, வண்டியில் ஏற்றினேன். வயிறு காலி. போனது வந்துவிட்டது, ஆகவே நான் சொல்லப் போவது பொய்யும் இல்லை. மனசு எப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

"வாய்க்குள்ள இன்னா போச்சு?"

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல."

எடை போட்டார். ஈறை அழுத்திப் பார்த்தார். வாயை முகர்ந்தார். "ஒண்ணும் போவலியே?"

"அதான் சொன்னேனே கம்பவுண்டரம்மா."

பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை நீட்டவில்லை. மூன்றாவது கேள்விக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பன்னோ பொங்கலோ எது வந்தாலும் மாட்டக் கூடாது. ஆனால் மூன்றாவது கேள்வி என்னைத் தேடி வரவில்லை. ஜிம்மி, கால் கழுவ வைத்திருந்த பக்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், தலையை விட்டுக் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது, நிமிர்ந்தது, மறுபடி குடித்தது. அந்தம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கெட்டை நகர்த்திவிட்டு, ஜிம்மியின் தாடைக்கு அடியில் ரோமத்துக்குள் விரலை விட்டுத் தடவி, அந்த விரலைத் தன் நாக்கில் வைத்தார்.

"இது கடல் தண்ணி இல்ல. கடல் தண்ணி கரிக்கும், இது கசக்குது" என்றார். "வாரப்போற பாத்தித் தண்ணி. எவ்ளோ குடுத்த?"

அதுவரை என்னை 'நீங்க' என்றவர்.

"கொஞ்சம்தான்."

"எவ்ளோ?"

"ரெண்டு முழுங்கு…"

"நாயி சாவட்டும்னு பாக்கறியா? எவ்ளோ?"

"முக்கா பாட்டிலு" என்றேன்.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் ஓடி வந்தார், காலில் ஊசி ஏறியது, சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் இறங்கியது. குடிக்கத் தண்ணீரை அந்தம்மா கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, கடிகாரம் பார்த்துக் கொடுத்தார். பதினோரு மணிக்கு ஜிம்மிக்கு உடம்பு நடுங்கியது. பன்னிரண்டுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. உப்பு ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்குகிறது என்றார் டாக்டர். வாந்தி எடுத்தாலும் பாதி உள்ளே தங்கிவிடுமாம். "இதுமேல மயக்க ஊசியும் போட்டிருந்தோம்னா எழுந்திருக்காதுங்க." நான் சுவரைப் பார்த்து நின்றேன். ஒன்பது வயசு நாய்க்கு என் கையாலேயே உப்புப் போட்டுவிட்டேன், கருவாட்டுக்குப் போடுகிற மாதிரி.

வீட்டுக்காரி பஸ் இறங்கி வந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளே மூன்று முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டாள். "நீயா குடுத்த? உன் கையால?" என்றாள். கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை 'நீ' என்றாள்.

சாயங்காலம் நடுக்கம் நின்றது. ஜிம்மி தலையைத் தூக்கி என் பக்கம் வாலை ஆட்டியது. அதற்கு எதுவும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்தம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே ஏதோ எழுதினார்.

"நீ பொய் சொல்லுவேன்னு தெரியும் மேஸ்திரி. உப்புத் தண்ணி ஊத்துவேன்னு தெரியாது. என் தப்பு. இனிமே அதையும் கேக்கணும்."

ஜிம்மியை எங்களோடு அனுப்பவில்லை. டாக்டர் ஊருக்குப் போகும் முன்னால் புதன்கிழமை எனக்காகவே ஒரு தடவை வந்து ஆபரேஷன் செய்தார். அதுவரை நான்கு நாளும் ஜிம்மி அந்தம்மாவிடம்தான் இருந்தது. புதன்கிழமை காலையில் என் வீட்டுக்காரியின் பழைய புடவைத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டார், எழும்போது தெரிஞ்ச வாசனை இருக்கட்டும் என்று. நான் வாசல் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஜிம்மி அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தது.

தையல் பிரித்த அன்றைக்குத் துணிந்து கேட்டேன். "ஏங்க கம்பவுண்டரம்மா, உலகத்துல ஒருத்தரக் கூட நம்ப மாட்டீங்களா?"

"சில பேர நம்புவேன்" என்றார். "நாய் மேல ஆசையில்லாதவன் ஒருத்தன் வருவான். சனியன், பட்டினியாதான் கெடக்குதும்பான். அவன ஒரு தபா கேட்டா போதும். ஆசை இருக்கறவங்களதான் மூணு தபா கேக்கணும்."

ஜிம்மி போன பிறகும் எங்களுக்குள் போக்குவரத்து இருந்தது. ஒரு வருஷம் அந்தம்மாவுக்குப் பித்தப்பையில் கல். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அவர் புருஷனுக்கு ஆஸ்பத்திரி நடைமுறை எதுவும் தெரியாது, எழுதப் படிக்கவும் வராது. அதிகம் பேசாத மனிதர். அதனால் நானும் வீட்டுக்காரியும் துணைக்குப் போயிருந்தோம். காலையில் ஒரு நர்ஸ் பெண் அட்டையோடு வந்தாள். "ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்ட்டீங்களாம்மா?" அந்தம்மா, "இல்ல" என்றார். நர்ஸ் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை.

எனக்கு அது போதவில்லை. "கம்பவுண்டரம்மா, வாய்க்குள்ள இன்னா போச்சு?" என்றேன்.

சிரித்தார். "ஒண்ணும் போவல போங்க."

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். பச்சை அங்கி போட்டிருந்தார், காதில் பேனா இல்லை. ஒரு சுற்று இளைத்துத் தெரிந்தார். "ஒண்ணும் போவலியே?" என்று மறுபடி கேட்டேன். "எத்தினி தபா கேப்பீங்க?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் புருஷன் சுவரோரம் நின்றிருந்தார். மரக்காணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். கையில் மஞ்சள் பை, பைக்குள் டிபன் பாக்ஸ். நான் அதையும் பார்த்தேன், அவர் முகத்தையும் பார்த்தேன். பிறகு சும்மா பேசுகிற மாதிரி, "காலையில அண்ணன் இட்லிக்குச் சட்னி வைக்க மறந்துட்டாராமே?" என்றேன்.

"சக்கர வச்சிருந்தாரு" என்றார் அந்தம்மா.

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். "வெறும் வயித்தோட உள்ள போவக் கூடாதுன்னுதான்…" என்று முணுமுணுத்தார். அன்றைக்கு அவர் பேசியது அதுதான்.

"ஒரே ஒரு இட்லி, மேஸ்திரி. அவ்ளோ தூரம் பஸ்ஸுல கொண்டாந்துட்டாரு. வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் அந்தம்மா. குரல் எனக்குப் பழக்கமான குரலாகவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து நாங்களெல்லாம் பேசிய குரல் அது. "சொல்லிடாதீங்க. அவரப் புடிச்சுத் திட்டுவாங்க."

நான் போய் நர்ஸிடம் சொன்னேன்.

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. நர்ஸ் அவர் புருஷனைத் திட்டத்தான் செய்தாள். அன்று முழுக்க அந்தம்மா என்னிடம் பேசவில்லை. "உன் புருஷன் ஒரு ஆளா?" என்று என் வீட்டுக்காரியிடம் மட்டும் கேட்டார். நான் வராந்தாவில் மஞ்சள் பைக்குப் பக்கத்தில் அவர் புருஷனோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். வேறு ஏதோ காய்ச்சலில்தான் போனார். நான் நினைத்துக்கொள்வது அந்த மறுநாள் காலையை.

நர்ஸ் அட்டையோடு வந்து வாயைத் திறக்கும் முன்னாலேயே அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "நீ இரும்மா. அந்த ஆளக் கேக்கச் சொல்லு" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

கேட்டேன். "ஒண்ணும் போவல." கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். "போவல." ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரி கேன்டீன் காபி நன்றாக இருக்கிறதாமே என்றேன். "தெரியாது. நான் குடிக்கல" என்றார்.

நான் நம்பவில்லை. அவர் புருஷனின் மஞ்சள் பையை வாங்கித் திறந்து பார்த்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் போய், விடிந்ததிலிருந்து இங்கே யார் வந்தது, என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். நர்ஸ் பொறுமை இழந்து வாட்சைப் பார்த்தாள். அந்தம்மா படுத்தபடி தலையைத் திருப்பி, நான் விசாரித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், "ம், இப்போ தள்ளு" என்றார்.